மகளின் போனைப் பிடுங்கி வைத்திருக்கிறேன், இப்போது என்ன செய்வது?

மஸ்கெலியா அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களிடம் நேரில் சொல்ல முடியாததால்தான் இங்கே வந்தேன்.

எனக்கு ஊர் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பதினொரு வருடமாகக் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தரம் வீட்டுக்குப் போவேன், பௌர்ணமிப் போயா லீவு ஞாயிறோடு ஒட்டி வந்தால் இரண்டு தரம். மனைவி கொழுந்து எடுக்கிறாள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போனால் அந்திக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வீடு வர ஐந்து மணி தாண்டிவிடும். மகளுக்கு 12 வயது, தரம் 7. மகன் தரம் 2. பாடசாலை விட்டு வந்தால் இரண்டு பேரும் என் அம்மாவோடுதான். அம்மாவுக்குப் போன் அடித்தால் எடுக்கத் தெரியும், அவ்வளவுதான்.

பாடசாலையில் வீட்டுப்பாடம் எல்லாம் வட்ஸ்அப்பில் வருகிறது என்று மகள் அழுதாள், போன வருடம் தவணைக்கு ஒரு போன் எடுத்துக் கொடுத்தேன். சிம் மனைவியின் பெயரில். பெயருக்கு அம்மாவின் போன், உண்மையில் பிள்ளையின் போன். உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

போன போயாவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு பத்தரை இருக்கும், கம்பளிக்குள் வெளிச்சம் தெரிந்தது. வாங்கிப் பார்த்தால், ஏதோ துப்பாக்கி விளையாட்டில் கூட விளையாடுகிற ஒருவன் இரண்டு மாதமாக இவளோடு பேசிக்கொண்டிருக்கிறான். விளையாட்டுக்குள் காசு மாதிரிப் பாவிக்கிற டயமண்ட் வாங்கித் தருகிறேன் என்கிறான். அப்பா எப்போது வருவார், அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார் என்று கேட்கிறான். படம் அனுப்பச் சொல்கிறான். இவள் பாடசாலைச் சீருடையோடு இரண்டு படம் அனுப்பியிருக்கிறாள், அதில் தப்பாக எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அவன் கேட்ட படம் வேறு மாதிரி. நல்ல வேளை, அதற்கு இவள் பதில் போடவில்லை. "இதை யாரிடமும் சொல்லாதே" என்று நாலைந்து இடத்தில் எழுதியிருக்கிறான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு அறை விட்டேன். போனை எடுத்துக்கொண்டு மறுநாள் கொழும்புக்கு வந்துவிட்டேன். இப்போது அது என் பெட்டிக்குள் கிடக்கிறது. மகள் என்னோடு பேசுவதில்லை, வீட்டுப்பாடமும் வருவதில்லை. "வாங்கிக் கொடுத்தது நீங்கள்தானே" என்கிறாள் மனைவி. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் போனு" என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது? அவன் அனுப்பியதை எல்லாம் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாமா? அல்லது கொடுக்கவே கூடாதா?

இன்னொன்று, இதுதான் தூங்க விடாமல் வைத்திருக்கிறது. அவன் மகளை நாங்கள் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லித்தான் முதல் செய்தியே அனுப்பியிருக்கிறான். பாடசாலைப் பெயரும் தெரிந்திருக்கிறது. தான் சொல்லவே இல்லை என்று மகள் சத்தியம் பண்ணுகிறாள்.

ஹட்டன் பழசு:

போனை உடைத்துப் போடு தம்பி. நாங்கள் போன் வைத்துக்கொண்டா படித்தோம்? கொடுத்தது நீ, பொறுப்பும் நீ. அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 தொடக்கம் 16 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு பேஸ்புக், டிக்டொக் ஒன்றும் கிடையாது என்று சட்டமே போட்டுவிட்டான். வெள்ளைக்காரனுக்கே புத்தி வந்துவிட்டது, நமக்கு இன்னும் வரவில்லை.

கொட்டகலை டீச்சர்:

அப்பா, முதலில் ஒன்று. எதையும் அழிக்காதீர்கள். ஆத்திரத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான், பிறகு பொலிசில் போய் நின்றால் காட்ட ஒன்றும் இருக்காது. பேச்சு முழுவதையும் மேலிருந்து கீழே வரைக்கும் ஸ்கிரீன் ஷொட் எடுங்கள், திகதியும் நேரமும் தெரிய வேண்டும். அவனுடைய நம்பர், விளையாட்டில் அவன் வைத்திருக்கும் பெயர், அந்த ஐடி இலக்கம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகுதான் பிளொக் பண்ண வேண்டும். மகள் பேசுவது போல நீங்கள் பேசி அவனைப் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அடுத்தது 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், காசு போகாது, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டாக்கிய சபை அது, நேற்று முளைத்த அமைப்பு இல்லை. நேரில் பேச வேண்டும் என்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். மனைவியை ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகச் சொல்வது லேசு இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் முதலில் போனில் பேசுங்கள். நீங்கள் கொழும்பில் இருந்தே பேசலாம்.

அந்த அறையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், கோபிக்காதீர்கள். உங்கள் மகள் அவன் கேட்ட இரண்டாவது படத்தை அனுப்பவில்லை. 12 வயதுப் பிள்ளை, யாரும் சொல்லிக் கொடுக்காமல், கம்பளிக்குள் தனியாக இருந்து அந்த முடிவை எடுத்திருக்கிறாள். அதற்கு அவளுக்குக் கிடைத்தது அடி. இனி ஒருவன் இப்படி வந்தால் அவள் உங்களிடம் சொல்வாளா?

எங்கள் பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது வேறு வழி இல்லாமல் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பத் தொடங்கினோம். சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலை உச்சிக்கும் பாறைக்கும் ஏறினார்கள், நாங்களும் அதைப் பெருமையாகப் பேசினோம். கொரோனா போய்விட்டது, வட்ஸ்அப் குழு போகவில்லை. கரும்பலகையில் எழுதிப் போடக்கூடியதைக்கூட இரவு எட்டு மணிக்கு அனுப்புகிற பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. போன் கையில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலைமையை நாங்கள் உண்டாக்கிவிட்டு, போனைக் கொடுத்தது யார் என்று பெற்றோரைக் கேட்பது நியாயம் இல்லை. இப்போது நான் என் வகுப்புக்கு வீட்டுப்பாடத்தைக் கொப்பியிலேயே எழுதி அனுப்புகிறேன். உங்கள் மகளின் வகுப்பாசிரியரிடம் நீங்களும் கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்.

ஹட்டன் ஐயாவுக்கு: அந்த அவுஸ்திரேலியச் சட்டத்தை முழுதாகப் பாருங்கள். அதில் பிள்ளைக்கும் தண்டனை இல்லை, தாய் தகப்பனுக்கும் இல்லை. பிள்ளைகளைக் கணக்கு வைத்திருக்க விடுகிற கம்பனிக்குத்தான் அபராதம், 49.5 மில்லியன் டொலர் வரைக்கும் போகும்.

ரீலோட் கடை, தலவாக்கலை:

நான் டவுனில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோ கொப்பி, பிறப்புச் சான்றிதழ் லெமினேட், எல்லாம் செய்கிறேன். ஒரு உண்மையைச் சொல்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

புதுப் போன் வாங்கிக்கொண்டு அக்காமார் நேராக எங்களைப் போன்ற கடைகளுக்குத்தான் வருவார்கள். "தம்பி, இதைக் கொஞ்சம் போட்டுக் குடுங்க, புள்ளைக்கு." நாங்கள் கூகுள் கணக்குத் திறப்போம். பிறந்த வருடம் கேட்கும். பிள்ளையின் உண்மையான வருடத்தைப் போட்டால் பெற்றோரின் அனுமதி கேட்டு நாலு படி கூட வரும், கடையில் ஆள் நிற்கும், அதனால் 1990 என்று அடித்துவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். நானே எத்தனை பிள்ளைகளை 1990இல் பிறக்க வைத்திருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. பாஸ்வேர்ட்டை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்போம். சில கடையில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட்.

இதில் என்ன நடக்கிறது என்றால், வயது குறைந்தவர்களுக்கு என்று இந்தக் கம்பனிகள் வைத்திருக்கிற கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் அந்த ஒரு பொய்யோடு போய்விடுகிறது. டிக்டொக்கில் 13 வயதுக்குக் கீழே கணக்கே திறக்கக் கூடாது. 16க்குக் கீழே என்றால் தனிச் செய்தி வராது, கணக்கும் தானாகவே பிரைவேட்டில் இருக்கும். இன்ஸ்டகிராமில் 2024இல் இருந்து 18க்குக் கீழே இருக்கிறவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாதபடி வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரிதான், ஆனால் உங்கள் மகள் 1990இல் பிறந்திருந்தால் அவள் முப்பது தாண்டிய பெரிய மனுஷி, யாரும் எதுவும் அனுப்பலாம்.

அண்ணே, போன் உங்கள் கையில் இருக்கும்போதே இவற்றைச் செய்துவிடுங்கள். முதலில் போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், அண்ணி வாசிக்க வேண்டும். வட்ஸ்அப்பைத் திறந்து "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் யாரோ வேறு இடத்தில் இருந்து எல்லாவற்றையும் வாசிக்கிறான் என்று அர்த்தம், உடனே வெளியேற்றுங்கள். பிறகு தனியுரிமைப் பகுதியில் புரொபைல் படம், குழுவில் சேர்ப்பது இரண்டையும் "எனது தொடர்புகள்" என்று மாற்றுங்கள். தெரியாத நம்பரில் இருந்து வருகிற அழைப்புகளைச் சத்தம் இல்லாமல் ஆக்குவதும் அங்கேயே இருக்கிறது. விளையாட்டில் குரல் பேச்சை அணைத்துவிடுங்கள். கடைசியாக, மகளுக்குச் சரியான பிறந்த திகதியோடு புதுக் கூகுள் கணக்கு ஒன்று திறந்து, கூகுள் ஃபேமிலி லிங்க் என்ற செயலியை உங்கள் போனில் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம்தான். அதற்குப் பிறகு அவள் ஏதாவது செயலி இறக்க வேண்டும் என்றால் கொழும்பில் இருக்கிற உங்களிடம் அனுமதி கேட்கும். இரவு ஒன்பது மணிக்குப் போன் பூட்டிக்கொள்ளும்படி வைக்கலாம். ஆனால் அவள் என்ன பேசுகிறாள் என்பதை அது காட்டாது.

போன மாதத்தில் இருந்து நான் சரியான வருடத்தைத்தான் போடுகிறேன். ஒரு ஆளுக்கு இருபது நிமிடம் போகிறது. இரண்டு வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள், போகட்டும்.

குவைத் அம்மா:

தம்பி சொன்ன ஃபேமிலி லிங்க்கை நான் இங்கிருந்து பாவிக்கிறேன். என் மகனுக்கு 11 வயது, பண்டாரவளையில் அம்மாயியோடு இருக்கிறான். நல்ல சாமான்தான், ஆனால் அதைப் போட்டவுடன் நிம்மதி வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நான் போனைப் பூட்டினேன், அவன் லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராப் பையனின் போனில் விளையாடினான். பிறகு என்ன செய்தேன் என்றால், வெள்ளிக்கிழமை இங்கே லீவு, அன்றைக்கு அரை மணி நேரம் அவனை அந்த விளையாட்டை எனக்குச் சொல்லித் தரச் சொன்னேன். எனக்குத் துப்பாக்கியைப் பிடிக்கவே வரவில்லை, பாய்ந்து பாய்ந்து செத்தேன், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மூன்றாவது வாரம் தானாகவே "அம்மா, ஒரு ஆள் என்னிடம் நம்பர் கேட்டான், நான் குடுக்கல" என்றான். நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை, "சரி, நல்லது செய்த" என்றேன், அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அழுதேன், அது வேறு கதை.

ஐயா, பொறுப்பு பெற்றோருடையது என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். பெற்றோர் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு அது சரி. எங்களில் எத்தனை வீட்டில் அம்மா இந்தப் பக்கம், அப்பா கொழும்பில் என்று இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

ஹட்டன் பழசு:

தெரியும் மகள். என் மருமகளும் சவூதியில்தான்.

பசறைக்காரி:

நான் பெற்றோர் இல்லை. 21 வயது, கம்பஸ் போகிறேன். பிள்ளைப் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்லலாம் என்று வந்தேன்.

எனக்கு 14 வயதில் இதே மாதிரி ஒன்று நடந்தது. நான் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்குப் பயந்து இல்லை, வீட்டுக்குப் பயந்து. சொன்னால் போனைப் பிடுங்குவார்கள், போனோடு நின்றாலும் பரவாயில்லை, டியூசனை நிறுத்துவார்கள், பிறகு பாடசாலையையே நிறுத்திக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்றெல்லாம் என் மண்டைக்குள் ஓடியது. லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் நாலாவது காம்பராவுக்குக் கேட்கும். யார் காதில் விழுந்து எப்படித் திரும்பி வரும் என்ற பயம் வேறு. "அப்பாட்ட சொல்லு பாப்பம்" என்றுதான் அவனும் என்னை மிரட்டினான். அவனுக்கு நம் வீடுகளைப் பற்றி நன்றாகத் தெரியும்.

கடைசியில் என் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் செய்த ஒரே வேலை, திட்டாமல் இருந்தது. அவனை பிளொக் பண்ணி, ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு "வேற யாருக்கும் தெரிய வேணாம், உன் படிப்ப பாரு" என்றார். பொலிசுக்குப் போயிருக்கலாம், அந்த நேரம் எங்களுக்கு 1929 எல்லாம் தெரியாது.

என்னோடு படித்த ஒரு பிள்ளைக்கு அவ்வளவு நல்லது நடக்கவில்லை. அவளுடைய படம் ஒன்று வெளியே போய், தோட்டத்து இளைஞர் குழுவில் "இது யார் வீட்டுப் பிள்ளை, பெற்றோர் கவனமாக இருங்கள்" என்று ஒரு அறிவுரையோடு சுற்றியது. அறிவுரை சொன்னவர்கள்தான் அதிகம் பரப்பினார்கள். அவள் தரம் 10க்கு மேல் பாடசாலைக்கு வரவில்லை.

அண்ணா, போனை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள், அதனால் இப்போது உங்கள் மகளுக்கு உங்களோடு பேசுவதற்கும் போன் இல்லை. அதை மட்டும் யோசியுங்கள்.

கொட்டகலை டீச்சர்:

பசறைத் தங்கச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பல பேருக்குத் தெரியாது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆபாசமான படத்தைப் பரப்புவது மட்டும் இல்லை, போனில் வைத்திருப்பதே தண்டனைச் சட்டக்கோவையின் 286ஏ பிரிவின் கீழ் குற்றம். 1995இல் சேர்த்த பிரிவு. "எச்சரிக்கைக்காகத்தான் அனுப்பினேன்" என்பது அங்கே எடுபடாது. அப்படி ஒன்று உங்கள் குழுவில் வந்தால் யாருக்கும் அனுப்பாமல் 1929க்குச் சொல்லுங்கள்.

படம் ஏற்கனவே வெளியே போய்விட்டது என்றால் "டேக் இட் டவுன்" என்று ஒரு சேவை இருக்கிறது, அமெரிக்காவில் காணாமற்போன பிள்ளைகளுக்கான நிலையம் நடத்துவது. அதில் படத்தை அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு இலக்கம் உண்டாகும், அந்த இலக்கம் மட்டும்தான் போகும். அதில் சேர்ந்திருக்கிற பேஸ்புக், டிக்டொக் போன்ற கம்பனிகள் அதை வைத்துத் தேடி எடுத்துவிடும். வட்ஸ்அப் குழுவுக்குள் சுற்றுவதை அது தடுக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மஸ்கெலியா அப்பா:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் போய்விட்டது.

1929க்குப் பேசினேன். தமிழில் ஒரு பெண் பேசினார், அவசரப்படுத்தாமல் கேட்டார், விபரம் எடுத்துக்கொண்டார். ஸ்கிரீன் ஷொட் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். மேற்கொண்டு நடப்பதை இங்கே எழுத வேண்டாம் என்று இருக்கிறேன்.

அந்தச் செல்லப் பெயர் விஷயம். டீச்சர் பெயர், ஐடி எல்லாம் எழுதி வைக்கச் சொன்னதில், அவனுக்கு இது எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று நானும் பின்னால் பின்னால் தேடிக்கொண்டு போனேன். கடைசியில் என் பேஸ்புக்கிலேயே கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தரம் 5 புலமைப்பரிசிலில் மகள் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தபோது நான் போட்ட பதிவு. அவளுடைய முழுப் பெயர், பாடசாலைப் பெயர், சுட்டெண் தெரிகிற மாதிரி பெறுபேற்றுத் தாள், மாலை போட்ட படம். மேலே "எங்கள் வீட்டு" என்று தொடங்கி அந்தச் செல்லப் பெயர். எல்லோரும் பார்க்கிற மாதிரித்தான் போட்டிருக்கிறேன், யார் பார்க்கலாம் என்று மாற்ற ஒரு இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. முந்நூற்றுச் சொச்சம் லைக். அதில் பாதிப் பேரை நான் யார் என்றே அறியேன். மனைவியின் தங்கை மகளுடைய சாமத்தியச் சடங்குக்கு எடுத்த ஆல்பமும் அப்படியே கிடந்தது, மகள் நாற்பது படத்தில் இருக்கிறாள்.

அவன்தான் அதைப் பார்த்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மகள் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணியது உண்மைதான்.

பதிவை எடுத்துவிட்டேன். ஆல்பத்தை எடுக்கச் சொன்னதற்கு மச்சினி கோபித்துக்கொண்டு இருக்கிறாள், திருவிழாவுக்குப் போகும்போது நேரில் பேசிச் சமாதானப்படுத்த வேண்டும்.

இந்த ஞாயிறு லீவு கேட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். ரீலோட் கடைத் தம்பி சொன்ன மாதிரிப் புதுக் கணக்கு, சரியான வருடம், எல்லாம் பஸ்ஸில் வரும்போதே செய்துவிட்டேன். கினிகத்தேனை தாண்டியதும் சிக்னல் போய் வந்து, அது வேறு கூத்து. வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மகளிடம் அந்தப் பழைய பதிவைப் பற்றிச் சொன்னேன், அப்பாதான் பெயரைப் போட்டிருக்கிறேன், உன்னைக் கேட்காமல் போட்டேன், அடித்ததும் தப்பு என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முந்நூறு பேரா?" என்று மட்டும் கேட்டாள். போனை வாங்கிக்கொண்டாள். இரவு ஒன்பது மணிக்குப் பூட்டிக்கொள்ளும் என்றேன், ஒன்பதரை ஆக்கச் சொன்னாள். ஒன்பதே கால் என்று முடிந்தது.

குவைத் அக்கா, அந்த விளையாட்டு எத்தனை எம்பி? என் போனில் இடம் இல்லை என்று காட்டுகிறது.